எளிய விகித வாய்ப்பாடும் மூலக்கூறு வாய்ப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குகளில் பயன்படுத்தியுள்ள அணு நிறைகள்: H 1.008, C 12.011, N 14.007, O 15.999, Mg 24.305. மற்றவை வரும் இடத்தில் தரப்பட்டுள்ளன.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஒரு மூலக்கூறில் எந்தத் தனிமத்தின் அணு எத்தனை இருக்கிறது என்று சொல்வது மூலக்கூறு வாய்ப்பாடு. அந்த எண்ணிக்கைகளின் மிகச் சிறிய முழு எண் விகிதத்தை மட்டும் சொல்வது எளிய விகித வாய்ப்பாடு. குளுக்கோஸின் மூலக்கூறு வாய்ப்பாடு C₆H₁₂O₆. மூன்று எண்களையும் 6 ஆல் வகுத்தால் CH₂O. அசிட்டிக் அமிலத்துக்கும் (C₂H₄O₂) லாக்டிக் அமிலத்துக்கும் (C₃H₆O₃) இதே CH₂O தான் கிடைக்கும். ஃபார்மால்டிஹைடுக்கு வகுக்க ஒன்றுமே இல்லை. அதன் மூலக்கூறு வாய்ப்பாடே CH₂O.

ஆகவே மூலக்கூறு வாய்ப்பாடு என்பது எளிய விகித வாய்ப்பாட்டின் 1, 2, 3 என ஏதோ ஒரு முழு மடங்கு. அந்த எண்ணை இங்கே மடங்கு எண் என்று குறிப்பிடுகிறோம். பெரிய மூலக்கூறு என்றால் மடங்கு எண்ணும் பெரிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சுக்ரோஸ் C₁₂H₂₂O₁₁; 12, 22, 11 மூன்றுக்கும் பொது வகுஎண் இல்லை. அதன் மடங்கு எண் 1 தான்.

நமக்கு வேண்டியது மூலக்கூறு வாய்ப்பாடு. அப்படியிருக்க எளிய விகித வாய்ப்பாட்டை ஏன் கண்டுபிடிக்க வேண்டும்?

தராசு தரும் விடை அதுதான் என்பதால். ஒரு சேர்மத்தைப் பகுத்து, இத்தனை சதவீதம் கார்பன், இத்தனை சதவீதம் ஹைட்ரஜன் என்று எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அதில் இருப்பது விகிதம் மட்டுமே. அசெட்டிலீனிலும் (C₂H₂) பென்சீனிலும் (C₆H₆) கார்பன் சரியாக ஒரே 92.26 சதவீதம். இயைபை வைத்து இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது. மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பதை வேறொரு அளவீடு தனியாகச் சொல்லியாக வேண்டும்.

1808இல் டால்டன் தன் அணுக்கொள்கையை வெளியிட்டபோது தண்ணீரை ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்ததாக, அதாவது HO என்று கொண்டார். நிறை விகிதம் மட்டும் கையில் இருந்தால் ஆக்சிஜனின் அணு நிறை 8, வாய்ப்பாடு HO என்றும் சொல்லலாம். அணு நிறை 16, வாய்ப்பாடு H₂O என்றும் சொல்லலாம். இரண்டுமே தராசோடு ஒத்துப்போகும். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்ற அவகாட்ரோவின் 1811ஆம் ஆண்டுக் கருத்தை எடுத்துக்கொண்டு, 1860இல் கார்ல்ஸ்ரூஹே மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ வாதாடிய பிறகுதான் இந்தக் குழப்பம் தீரத் தொடங்கியது.

சதவீத இயைபிலிருந்து எளிய விகித வாய்ப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். C 40.92, H 4.58, O 54.50 சதவீதம்.

சேர்மம் 100 கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் சதவீதங்கள் அப்படியே கிராம்களாகிவிடும். ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுக்க வேண்டும். கிடைப்பது மோல், அதாவது அணுக்களை எண்ணும் அலகு:

C: 40.92 ÷ 12.011 = 3.407 மோல்
H: 4.58 ÷ 1.008 = 4.544 மோல்
O: 54.50 ÷ 15.999 = 3.406 மோல்

இவற்றில் மிகச் சிறியது 3.406. அதனால் எல்லாவற்றையும் வகுத்தால் C 1.000, H 1.334, O 1.000. ஹைட்ரஜனின் 1.334 என்பது 4/3. மூன்றையும் 3 ஆல் பெருக்கினால் 3 : 4 : 3. விடை C₃H₄O₃.

தவறு நடப்பது பெரும்பாலும் கடைசிப் படியில். 1.334ஐ 1 என்று வெட்டிவிடுகிறார்கள். அல்லது ஹைட்ரஜனை மட்டும் 3 ஆல் பெருக்கிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெருக்கினால் எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்.

ஆக்சிஜனை 16 ஆல் வகுப்பதா, 32 ஆல் வகுப்பதா?

16 ஆல்தான். காற்றில் ஆக்சிஜன் O₂ ஆக இருப்பதற்கும் சேர்மத்துக்குள் எத்தனை ஆக்சிஜன் அணுக்கள் என்பதற்கும் தொடர்பில்லை. நாம் எண்ணுவது அணுக்களை. நைட்ரஜனை 28 ஆலும் குளோரினை 71 ஆலும் வகுப்பதும் இதே பிழை.

மேலே உள்ள கணக்கில் ஆக்சிஜனை 32 ஆல் வகுத்தால் 1.703 மோல் வரும். விகிதம் 2 : 2.67 : 1 ஆகி, C₆H₈O₃ என்று அழகான முழு எண்களோடு தவறான விடை வந்து நிற்கும். முழு எண் வந்துவிட்டது என்பதே விடை சரி என்பதற்குச் சான்றாகாது.

பிறகு விடையை எப்படிச் சரிபார்ப்பது?

கிடைத்த வாய்ப்பாட்டிலிருந்து சதவீதத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். C₃H₄O₃ இன் வாய்ப்பாட்டு நிறை 88.062. இதில் கார்பன் 36.033, அதாவது 40.92 சதவீதம், ஹைட்ரஜன் 4.032, அதாவது 4.58 சதவீதம். கொடுத்த எண்களோடு பொருந்துகிறது. 32 ஆல் வகுத்து வந்த C₆H₈O₃ஐ இப்படிச் சோதித்தால் ஆக்சிஜன் 37.5 சதவீதம்தான் வரும், 54.50 எங்கே, 37.5 எங்கே. அரை நிமிட வேலை இது. தேர்வில் நேரம் இல்லை என்று பலர் விட்டுவிடும் படியும் இதுவே.

எந்தத் தசமத்தை எந்த எண்ணால் பெருக்குவது?

.5 வந்தால் 2 ஆல்; .33, .67 வந்தால் 3 ஆல்; .25, .75 வந்தால் 4 ஆல்; .2, .4, .6, .8 வந்தால் 5 ஆல். ஒரே கணக்கில் .5உம் .33உம் சேர்ந்து வந்தால் 6 ஆல் பெருக்க வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. .33க்கும் .4க்கும், .2க்கும் .25க்கும் இடைவெளி மிகக் குறைவு. இடையில் எண்களை ஒரு தசம இடத்துக்கு வெட்டிக்கொண்டே வந்தால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். மோல் எண்ணிக்கைகளைக் குறைந்தது நான்கு இலக்கங்களோடு கடைசி வரை கொண்டுபோங்கள். வெட்டுவது ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில்.

1.98 வந்தால் 2 என்று வைக்கலாம். 1.9 வந்தால்? 1.06 வந்தால்?

இந்தப் பாடத்தின் உண்மையான கேள்வி இது. "0.1க்குள் இருந்தால் முழு எண்ணாக்கலாம்" என்று ஒரு பொது விதி சொல்லித்தரப்படுவதுண்டு. பாடப்புத்தகக் கணக்குகளுக்கு அது போதும். அளந்து பெற்ற எண்களுக்குப் போதாது. எவ்வளவு தூரம் முழு எண்ணாக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்ணை அளந்த கருவியின் பிழை.

எரிப்புப் பகுப்பாய்வில் (மாதிரியை எரித்து, வரும் CO₂, H₂O நிறைகளிலிருந்து இயைபைக் கணக்கிடும் முறை) ஒவ்வொரு தனிமத்துக்கும் கணக்கிட்ட மதிப்பிலிருந்து 0.4 சதவீதப் புள்ளி வரை விலகலாம் என்பது ஆய்விதழ்கள் பலவும் நெடுங்காலமாக ஏற்றுவரும் எல்லை. கார்பனுக்கு 0.4 கிராம் என்பது 0.033 மோல். அதே 0.4 கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 0.4 மோல். அணு நிறை சிறியது என்பதால் ஹைட்ரஜனின் எண்ணிக்கைதான் முதலில் ஆட்டம் காணும்.

டெக்கேனையும் (C₁₀H₂₂) அண்டெக்கேனையும் (C₁₁H₂₄) ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் கார்பன் 84.41 சதவீதம், பின்னதில் 84.52. வேறுபாடு 0.11 தான், அனுமதிக்கப்பட்ட பிழையே அதைப்போல் மூன்றரை மடங்கு. இந்த இரண்டில் எது என்று இயைபை மட்டும் வைத்துச் சொல்பவர் ஊகிக்கிறார் என்றே பொருள். விகிதத்தில் எண்கள் பெரிதாகப் பெரிதாக, எளிய விகித வாய்ப்பாடு "கண்டுபிடிக்கப்பட்டது" என்பதைவிட "முரண்படவில்லை" என்று சொல்வதே சரி.

எரிப்புக் கணக்கில் CO₂, H₂O நிறைகள் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கார்பன் முழுவதும் CO₂ ஆகவும் ஹைட்ரஜன் முழுவதும் H₂O ஆகவும் மாறிவிட்டது என்பதுதான் பிடிமானம். ஓர் எடுத்துக்காட்டு: C, H, O மட்டும் உள்ள ஒரு வெண்ணிறத் திண்மம் 0.2500 கிராம் எரிக்கப்பட்டது. 0.6306 கிராம் CO₂, 0.1106 கிராம் H₂O கிடைத்தன.

C நிறை: 0.6306 × 12.011 ÷ 44.009 = 0.1721 கிராம்
H நிறை: 0.1106 × 2.016 ÷ 18.015 = 0.0124 கிராம்
O நிறை: 0.2500 − 0.1721 − 0.0124 = 0.0655 கிராம்

மோல்களாக்கினால் C 0.01433, H 0.01228, O 0.00410. சிறியதால் வகுக்க 3.50 : 3.00 : 1. இரண்டால் பெருக்கினால் C₇H₆O₂. இது பென்சாயிக் அமிலம். பகுப்பாய்வுக் கருவிகளைச் சரிபார்க்கவே இதைப் பயன்படுத்துவதுண்டு.

இரண்டாவது வரியில் 2.016 வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு. இங்கே 1.008 போட்டால் ஹைட்ரஜன் பாதியாகிவிடும். அத்தோடு நிற்காது: ஆக்சிஜனைக் கழித்தல் மூலம் பெறுவதால், விடுபட்ட ஹைட்ரஜன் நிறை ஆக்சிஜன் கணக்கில் போய்ச் சேரும்.

ஆக்சிஜனை ஏன் கழித்தலில் கண்டுபிடிக்கிறோம்? CO₂விலும் H₂Oவிலும் இருக்கும் ஆக்சிஜனைக் கூட்டினால் போதாதா?

போதாது. அந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி எரிக்க நாம் செலுத்திய ஆக்சிஜன். எவ்வளவு சேர்மத்திலிருந்து வந்தது, எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்று பிரிக்க வழியில்லை. எனவே மொத்த நிறையிலிருந்து மற்றவற்றைக் கழிக்கிறோம். இதன் விலை என்னவென்றால், மற்ற எல்லா அளவீடுகளின் பிழையும் ஆக்சிஜன் தலையில் வந்து விழும். சேர்மத்தில் நைட்ரஜனோ கந்தகமோ இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் "ஆக்சிஜன்" ஆகிவிடும்.

வினாத்தாளில் சதவீதங்களின் கூடுதல் 100க்குக் குறைவாக இருந்தால் மீதி ஆக்சிஜன் என்று கொள்வதும் இதே வழக்கம்தான். வேறு தனிமம் இருப்பதாக வினாவில் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

ஆய்வகத்தில் எரிப்புப் பகுப்பாய்வு எங்கே தவறும்?

லீபிக் 1831இல் அமைத்த முறையின் சாரம் இன்றும் மாறவில்லை. மாதிரியை ஆக்சிஜன் ஓட்டத்தில் எரித்து, வாயுக்களைச் சூடான காப்பர் ஆக்சைடு மேல் செலுத்தி, நீரையும் கார்பன் டைஆக்சைடையும் தனித்தனிக் குழாய்களில் உறிஞ்சவைத்து, குழாய்களின் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பது.

உறிஞ்சும் குழாய்களின் வரிசை முக்கியம். முதலில் நீரற்ற மெக்னீசியம் பெர்குளோரேட் போன்ற நீர் உறிஞ்சி, பிறகுதான் சோடியம் ஹைட்ராக்சைடு. வரிசை மாறினால் சோடியம் ஹைட்ராக்சைடு நீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்; ஹைட்ரஜன் ஏறக்குறைய சுழியாகவும் கார்பன் அளவுக்கு மீறியும் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு CO₂வைப் பிடிக்கும்போது தானே நீரை வெளியிடும் என்பதால் அதற்குப் பின்னாலும் அந்தக் குழாயிலேயே கொஞ்சம் நீர் உறிஞ்சி வைப்பார்கள்.

காப்பர் ஆக்சைடு போதிய சூட்டில் இல்லையென்றால் கார்பனில் ஒரு பகுதி CO ஆகவே தப்பிவிடும். கார்பன் குறையும், அதே அளவு ஆக்சிஜன் கூடும். மாதிரி நன்றாக உலராமல் இருந்தால் ஹைட்ரஜன் கூடி, கார்பன் குறையும். நைட்ரஜன் உள்ள சேர்மம் எரியும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் CO₂ குழாயில் சிக்கும். அவற்றை N₂ ஆக ஒடுக்கச் சூடான தாமிரம் வைக்க வேண்டும். ஹாலோஜன் இருந்தால் வெள்ளி.

இப்போதைய தானியங்கிக் கருவிகளுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் மாதிரி போதும். ஆனால் கரைப்பான் ஒட்டியிருக்கும் மாதிரியைக் கருவி சுத்தமாக்கித் தராது. "கார்பன் 0.7 குறைவு" என்று அறிக்கை வந்தால், வாய்ப்பாட்டைச் சந்தேகிக்கும் முன் உலர்த்தியதைச் சந்தேகிப்பது நல்லது.

மெக்னீசியம் ஆக்சைடு சோதனையில் 1 : 1 வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பள்ளி ஆய்வகங்களில் அதிகம் செய்யப்படுவதும் அதிகம் சறுக்குவதும் இதுதான். ஒரு குழு எடுத்த அளவீடுகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம். வெறும் புடக்குகையும் மூடியும் 28.416 கிராம். மெக்னீசிய நாடாவுடன் 28.781. சூடேற்றிக் குளிரவைத்த பின் 29.008.

மெக்னீசியம் 0.365 கிராம், அதாவது 0.01502 மோல். சேர்ந்த ஆக்சிஜன் 0.227 கிராம், அதாவது 0.01419 மோல். விகிதம் 1.06 : 1. சரியாக 1 : 1 வர வேண்டுமானால் கடைசி எடை 29.021 ஆக இருந்திருக்க வேண்டும். 13 மில்லிகிராம் குறைகிறது.

அந்த 13 மில்லிகிராமுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூடியைத் திறந்தபோது வெண்புகையாக ஆக்சைடு வெளியேறியிருக்கலாம். நாடாவின் உட்பகுதி எரியாமல் இருந்திருக்கலாம். மூன்றாவதைத்தான் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை: காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து மெக்னீசியம் நைட்ரைடு, Mg₃N₂, உருவாகியிருக்கலாம். மூன்று மோல் மெக்னீசியம் ஆக்சைடானால் 120.9 கிராம், நைட்ரைடானால் 100.9 கிராம்தான். நைட்ரைடு எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவுக்கு எடை குறையும்.

செய்ய வேண்டியது: நாடாவை உப்புத்தாளால் தேய்த்துப் பழைய ஆக்சைடுப் படலத்தை நீக்கி, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மூடியைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இடுக்கியால் மயிரிழை அளவு மட்டும் தூக்குங்கள். காற்று உள்ளே போக வேண்டும், புகை வெளியே வரக் கூடாது. எரிந்து முடிந்து குளிர்ந்ததும் சில துளி நீர் விட்டு மெதுவாகச் சூடேற்றி, பிறகு பலமாகச் சூடேற்றுங்கள். நைட்ரைடு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகி (அம்மோனியா நெடி வரும்), பின் ஆக்சைடாகிவிடும். சூடேற்று, குளிரவை, எடைபோடு என்பதை அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாகும் வரை திரும்பச் செய்யுங்கள். சூடான புடக்குகையைத் தராசில் வைத்தால் எழும் காற்றோட்டத்தால் எடை குறைவாகக் காட்டும்.

1.06ஐ முழு எண்ணாக்க 17 ஆல் பெருக்கி Mg₁₈O₁₇ என்று எழுதியவர்களும் உண்டு. கணக்குப்படி குற்றமில்லை, 13 மில்லிகிராம் புகைக்கு வாய்ப்பாடு எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படிக நீரின் எண்ணிக்கையையும் இப்படியே கண்டுபிடிக்கலாமா?

அதே முறைதான். தனிமங்களுக்குப் பதில் நீரற்ற உப்பு ஒன்று, நீர் ஒன்று என இரண்டு பொருள்களின் மோல் விகிதம். மயில் துத்தம் 2.000 கிராம் சூடேற்றியபின் 1.278 கிராம் நீரற்ற காப்பர் சல்ஃபேட் மிஞ்சியது. CuSO₄ இன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் கிராம் நிறை, 159.60, எனவே 0.008008 மோல். போன நீர் 0.722 கிராம், 0.04008 மோல். விகிதம் 1 : 5.005. வாய்ப்பாடு CuSO₄·5H₂O.

விடை 3.6 போல வந்தால் சூடு போதவில்லை. முதல் நான்கு நீர் மூலக்கூறுகள் எளிதில் போய்விடும். ஐந்தாவதை விரட்ட 200 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். ஒரு நீர் மிஞ்சிய நிலையில் நிறுத்திவிட்டு, மிஞ்சியது முழுவதும் நீரற்ற உப்பு என்று கணக்கிட்டால் சரியாக 3.59 வரும். அதை 4 என்று முழு எண்ணாக்கி நிம்மதி அடைய வேண்டாம்.

மாறாக, நேரடிச் சுடரில் வெகுநேரம் வைத்தால் வெண்தூளில் கருமை படரும். உப்பே சிதைந்து காப்பர் ஆக்சைடு உருவாகிறது. போன நிறையில் சல்ஃபர் ஆக்சைடுகளும் சேர்ந்து நீர் அதிகமாகக் காட்டும். குளிரவைப்பதைத் திறந்த மேசையில் செய்யாமல் டெசிக்கேட்டரில் (உள்ளே ஈரம் உறிஞ்சி வைத்த மூடிய கலம்) செய்யுங்கள். வெண்தூளின் ஓரத்தில் நீலம் தெரிகிறதென்றால் காற்றின் ஈரத்தை ஏற்கெனவே இழுத்துவிட்டது.

மடங்கு எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

மோலார் நிறையை எளிய விகித வாய்ப்பாட்டின் நிறையால் வகுக்க வேண்டும். அஸ்கார்பிக் அமிலத்தின் மோலார் நிறை 176.1; 88.06 ஆல் வகுத்தால் 2. எனவே C₆H₈O₆. அடிக்குறி எண்கள் அனைத்தையும் இரண்டால் பெருக்குகிறோம். முன்னால் 2 போட்டு 2C₃H₄O₃ என்று எழுதினால் அது இரண்டு தனி மூலக்கூறுகள் என்று பொருள்படும்.

மோலார் நிறை எங்கிருந்து கிடைக்கும்? எவ்வளவு துல்லியம் வேண்டும்?

வாயு என்றால் அடர்த்தி போதும். எளிய விகித வாய்ப்பாடு CH₂ உள்ள ஒரு வாயு 27 டிகிரி செல்சியசில், 1 வளிமண்டல அழுத்தத்தில் லிட்டருக்கு 2.28 கிராம் இருக்கிறது. மோலார் நிறை = 2.28 × 0.08206 × 300.15 = 56.2 (0.08206 வாயு மாறிலி, 300.15 கெல்வினில் வெப்பநிலை). அதை 14.03 ஆல் வகுத்தால் 4. வாய்ப்பாடு C₄H₈. ஹைட்ரஜனோடு ஒப்பிட்ட ஆவி அடர்த்தி கொடுத்திருந்தால் அதை இரண்டால் பெருக்கினால் மோலார் நிறை. திண்மங்களுக்கு உறைநிலைத் தாழ்வு, பெரிய மூலக்கூறுகளுக்குச் சவ்வூடு பரவல் அழுத்தம், இன்று பெரும்பாலும் நிறை நிறமாலைமானி.

துல்லியம் அதிகம் தேவைப்படாது என்பதுதான் இதில் வசதி. மடங்கு எண் 2ஆ 3ஆ என்பதற்கு இடையே பாதிக்குப் பாதி வேறுபாடு இருக்கிறது. 5 சதவீதப் பிழையுள்ள கரடுமுரடான அளவீடே தீர்த்துவைத்துவிடும். எண் 10ஆ 11ஆ என்ற நிலை வந்தால்தான் கவனம் தேவை.

ஆனால் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டால் அளவீடு ஏமாற்றும். பென்சாயிக் அமிலத்தை பென்சீனில் கரைத்து உறைநிலைத் தாழ்வை அளந்தால் மோலார் நிறை 122க்குப் பதில் 244ஐ ஒட்டி வரும். ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாக இணைந்திருப்பதே காரணம். அசிட்டிக் அமிலத்தின் ஆவியும் கொதிநிலைக்கு அருகே இப்படித்தான்; 60க்கும் 120க்கும் இடையே ஏதோ ஓர் எண் வரும். நீரில் கரைந்து அயனிகளாகப் பிரியும் உப்பில் இதற்கு நேர்மாறாக மதிப்பு குறையும்.

மடங்கு எண் 1.8, 2.2 என்று வருகிறது. என்ன செய்வது?

அதை முழு எண்ணாக்க வேண்டாம், பின்னோக்கிப் போங்கள். மேலே பென்சாயிக் அமிலத்தில் வந்த 3.50 : 3.00 : 1ஐ யாராவது C₄H₃O என்று எழுதியிருந்தால் அதன் நிறை 67.07, 122.1ஐ வகுத்தால் 1.82. C₃H₃O என்று எழுதியிருந்தால் 55.06, வகுத்தால் 2.22. மடங்கு எண் முழு எண்ணாக வராதது பெரும்பாலும் எளிய விகித வாய்ப்பாட்டில் 3.5ஐ வெட்டியதன் விளைவு. மோலார் நிறையைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

மோலார் நிறை தெரியாமலே மூலக்கூறு வாய்ப்பாட்டைச் சொல்ல முடியுமா?

சில சமயம் முடியும். C, H, O மட்டும் உள்ள நிலையான மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும். நைட்ரஜனும் ஹாலோஜனும் இருந்தால் அவற்றையும் ஹைட்ரஜனோடு கூட்டிய தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இன்னொரு எல்லை: கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி இரண்டு கூட்டினால் வருவதைவிட ஹைட்ரஜன் அதிகமாக இருக்க முடியாது, ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் ஒன்று கூடுதலாகச் சேரும்.

எளிய விகித வாய்ப்பாடு CH₃O என்று வந்தால் இதைப் போட்டுப் பாருங்கள். மடங்கு 1, 3 ஆகியவற்றில் ஹைட்ரஜன் ஒற்றைப்படை. மடங்கு 4 என்றால் C₄H₁₂O₄. நான்கு கார்பனுக்கு 10 ஹைட்ரஜனுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேலும் அப்படியே. மிஞ்சுவது C₂H₆O₂ ஒன்றுதான். C₂H₅ உம் இதேபோல் C₄H₁₀ இல் வந்து முடியும். காஃபீனின் எளிய விகித வாய்ப்பாடு C₄H₅N₂O. 5உம் 2உம் சேர்ந்து 7, ஒற்றைப்படை; ஆகவே மடங்கு இரட்டைப்படை என்பது அளக்காமலே தெரிகிறது. மோலார் நிறை 194.2, அதை 97.1 ஆல் வகுத்தால் 2: C₈H₁₀N₄O₂.

சோடியம் குளோரைடுக்கு மூலக்கூறு வாய்ப்பாடு உண்டா?

கிடையாது. படிகத்தில் தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை. NaCl என்பது எளிய விகிதம் மட்டுமே.

ஆனால் "அயனிச் சேர்மம் என்றால் எப்போதும் சுருக்கி எழுது" என்பதும் சரியல்ல. மெர்குரஸ் குளோரைடை Hg₂Cl₂ என்றே எழுதுகிறோம். இரண்டு பாதரச அணுக்கள் பிணைந்த Hg₂²⁺ அயனி அதில் உண்மையாகவே இருக்கிறது. சோடியம் பெராக்சைடு Na₂O₂வும் அப்படித்தான். NaO என்று சுருக்கினால் O₂²⁻ அயனி மறைந்துவிடும். பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற பெயர் P₂O₅ என்ற எளிய விகிதத்திலிருந்து வந்தது. அதன் மூலக்கூறு P₄O₁₀.

எப்போதும் முழு எண்தான் வருமா?

மூலக்கூறுகளால் ஆன பொருளில் ஆம். சில திண்மங்களில் இல்லை. உஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடில் இரும்பு எப்போதும் கொஞ்சம் குறைவு, Fe₀.₉₅O என்பது போல எழுதுவார்கள். படிகத்தில் சில இரும்பு இடங்கள் காலியாகவே இருக்கின்றன. அங்கே 0.95ஐ 1 ஆக்குவது திருத்தம் ஆகாது, தகவலை அழிப்பதாகும்.

மூலக்கூறு வாய்ப்பாடு கிடைத்தால் சேர்மம் எது என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. C₂H₆O என்றால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும் எத்தனாலாகவும் இருக்கலாம், −24 டிகிரியில் கொதிக்கும் டைமெத்தில் ஈதராகவும் இருக்கலாம். எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்பதை அமைப்பு வாய்ப்பாடுதான் சொல்லும்; அதற்கு அகச்சிவப்பு நிறமாலை, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு போன்ற வேறு கருவிகள் வேண்டும்.

நிறை நிறமாலைமானி நேரடியாகவே மூலக்கூறு வாய்ப்பாட்டைத் தருமாமே?

உயர் பகுதிறன் உள்ள கருவி தரும். CO, N₂, C₂H₄ மூன்றின் நிறையும் முழு எண்ணில் 28 தான். நான்கு தசம இடங்கள் வரை அளந்தால் 27.9949, 28.0061, 28.0313 என்று மூன்றும் பிரிந்துவிடும். இங்கே பயன்படுவது சராசரி அணு நிறை அல்ல, குறிப்பிட்ட ஐசோடோப்பின் நிறை. அட்டவணையில் உள்ள 12.011ஐ வைத்து ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. இன்னொன்று, ஆல்கஹால்கள் போன்ற சில சேர்மங்களில் மூலக்கூறு அயனி உடைந்துபோய் அதன் உச்சி மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். கடைசியாகத் தெரியும் உச்சியை மூலக்கூறு நிறை என்று எடுத்துக்கொண்டால், நீர் ஒன்று கழன்றுபோன துண்டின் நிறையை, 18 குறைவாக, எழுதிவிட நேரும்.